கேலக்ஸிக் கொத்தை எடை போடுவது வட்ட வாதமா?

நீடாமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பருக்கு. உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கேலக்ஸிக் கொத்துகளிலிருந்து வரும் எக்ஸ் கதிரை வைத்துப் பிரபஞ்ச மாதிரிகளை, அதாவது பிரபஞ்சத்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது, அது எப்படி விரிகிறது என்று சொல்லும் கணக்குகளை, சோதிக்கிறார்கள் என்று படித்தீர்கள். எலும்பு முறிவுக்கு எடுக்கும் எக்ஸ்ரேவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது முதல் கேள்வி. உங்களை உண்மையில் உறுத்துவது அடுத்ததுதான் என்று நினைக்கிறேன். கொத்தின் தொலைவைக் கணக்கிடுவதற்கே ஒரு பிரபஞ்ச மாதிரி வேண்டும், பிறகு அந்தக் கணக்கை வைத்தே மாதிரி சரி என்கிறார்கள், தராசும் அவர்களுடையது எடைக்கல்லும் அவர்களுடையது என்றால் சோதனை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பழகிய ஊரில் இந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் கேலக்ஸிக் கொத்துகளின் வாயு நிறையைக் கணக்கிடும் வேலையில் இருந்தேன். இப்போது கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். அந்த ஆறு வருடத்தில் பாதிக்கு மேல் உங்களுடைய இரண்டாவது கேள்வியோடுதான் போயிற்று. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலும்புப் படத்தில் விளக்கு வேறு, பொருள் வேறு. கதிர் உடம்பைத் துளைத்துப் போகிறது, எலும்பின் நிழல் பதிகிறது. கொத்தில் விளக்கு கொத்தேதான். நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல், கேலக்ஸிகள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு ஒரே கூட்டமாகச் சுற்றுகின்றன. கூட்டத்தின் மொத்த நிறை நூறு லட்சம் கோடி சூரியன்களிலிருந்து ஆயிரம் லட்சம் கோடி சூரியன்கள் வரை போகும். அவ்வளவு ஆழமான ஈர்ப்புப் பள்ளத்தில் விழுந்த வாயு, விழுந்த வேகத்திலேயே 1 கோடி முதல் 10 கோடி டிகிரி வரை சூடாகிவிடுகிறது. அந்தச் சூட்டில் அணுக்கள் எலெக்ட்ரான்களை உதறிவிடும். தனியே திரியும் எலெக்ட்ரான் ஒரு அணுக்கருவின் பக்கத்தில் போகும்போது வளைந்து வேகம் மாறுகிறது, அப்போது எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது. இந்த வாயு மிக மிக மெல்லியது, ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் துகள் என்ற அளவுதான். ஆனால் பரப்பு பல லட்சம் ஒளியாண்டு என்பதால், கொத்தில் இருக்கும் எல்லா நட்சத்திரங்களையும் சேர்த்து நிறுத்தாலும் அவற்றைப் போலப் பல மடங்கு எடை இந்த வாயுவுக்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தில் கேலக்ஸிகளுக்கு நடுவே வெறும் இருட்டுதான் தெரியும். எக்ஸ் கதிரில் பார்த்தால் அந்த இருட்டு முழுக்க ஒரே மேகமாக ஒளிர்கிறது.

பூமியின் காற்று இந்தக் கதிரைக் கீழே விடாது, மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 1970 டிசம்பர் 12-ஆம் தேதி கென்யக் கடலோரத்திலிருந்து ஏவிய உஹுரு செயற்கைக்கோள்தான், கொத்துகளில் பரந்து கிடக்கும் இந்த ஒளியைத் தெளிவாகக் காட்டியது. 1976-ல் ஏரியல் 5, பெர்சியஸ் கொத்தின் நிறமாலையில் இரும்பின் கோட்டைக் கண்டது. இது வெறும் சூடான வாயுதான், வேறு ஏதோ மர்மக் கதிர்வீச்சு அல்ல என்று அதன்பிறகு யாரும் சந்தேகப்படவில்லை. இன்று நாம் நம்பியிருக்கும் சந்திரா தொலைநோக்கி 1999 ஜூலை 23-ல் போனது. சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. அவருடைய சித்தப்பா சர் சி.வி. ராமன் பிறந்தது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் திருவானைக்காவலில். ஒவ்வொரு முறை அந்தத் தரவுக் கோப்பைத் திறக்கும்போதும் இது எனக்கு நினைவுக்கு வரும்.

இனி சோதனைக்கு வருவோம். கொள்முதல் நிலையத்தில் மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. குத்தி ஒரு பிடி எடுத்துப் பதர் எவ்வளவு, நெல் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். மூட்டை நன்றாகக் கலந்திருந்தால் ஒரு பிடி போதும். பெரிய கேலக்ஸிக் கொத்து, பிரபஞ்சம் என்ற மூட்டையிலிருந்து எடுத்த அப்படி ஒரு பிடி. பல கோடி ஒளியாண்டு அகலத்தில் பரவியிருந்த பொருள் எல்லாம் சேர்ந்து விழுந்துதான் ஒரு கொத்து உருவாகிறது. அந்தப் பரப்பில் அணுக்களால் ஆன சாதாரணப் பொருளும், ஒளிராமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருளும் என்ன விகிதத்தில் இருந்தனவோ, ஏறக்குறைய அதே விகிதம்தான் கொத்துக்குள்ளும் இருக்க வேண்டும். வாயுவின் நிறையை எக்ஸ் கதிரின் பிரகாசத்திலிருந்து பெறலாம். மொத்த நிறையை வாயுவின் வெப்பநிலையிலிருந்து பெறலாம், ஏனென்றால் அவ்வளவு சூடான வாயு வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைக்க எவ்வளவு ஈர்ப்பு வேண்டும் என்பது கணக்கு. இரண்டையும் வகுத்து, நட்சத்திரங்களின் சிறு பங்கையும் சேர்த்தால், சாதாரணப் பொருள் மொத்தத்தில் சுமார் 16 சதவீதம் என்று வருகிறது.

இந்த 16-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரபஞ்சம் தட்டையாக இருக்கத் தேவையான அடர்த்தியை 100 என்று வைத்தால், சாதாரணப் பொருள் அதில் 5-க்குச் சற்றே குறைவு. இது கொத்துகளிலிருந்து வந்த எண் இல்லை. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்களில் உருவான டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனின் அளவிலிருந்தும், பிரபஞ்சத்தின் இளமையிலிருந்து மிஞ்சி வானமெங்கும் பரவியிருக்கும் பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சிலிருந்தும் தனித்தனியே கிடைத்தது. சாதாரணப் பொருள் 5, அது மொத்தப் பொருளில் 16 சதவீதம் என்றால் மொத்தப் பொருள் சுமார் 31. மீதி 69 பொருளே இல்லை. 1993-ல் சைமன் வைட், ஹூலியோ நவாரோ, ஆகஸ்ட் எவ்ரார்ட், கார்லோஸ் ஃபிரெங்க் ஆகிய நால்வரும் கோமா கொத்தை வைத்து இதே வாதத்தை முன்வைத்தார்கள். அப்போது பல கோட்பாட்டாளர்கள் மொத்தப் பொருளே 100 என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அது உண்மையானால் கொத்தில் சாதாரணப் பொருள் 5 சதவீதம்தான் இருந்திருக்க வேண்டும், அளந்தால் அதைப் போல மூன்று மடங்கு இருந்தது. வெடிக்கும் நட்சத்திரங்களான சூப்பர்நோவாக்களை வைத்துப் பிரபஞ்சத்தின் விரிவு முடுக்கமடைகிறது என்று அறிவித்தது 1998-ல். அதற்கு ஐந்து வருடம் முன்னாலேயே ஒரு கொத்தின் எடை அந்தப் பழைய மாதிரியை அசைத்துவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த வாதம் இதுதான். எட்டாம் வகுப்பு வகுத்தல் கணக்கு, ஆனால் எதிர்பார்த்த விடையை மறுத்த கணக்கு.

உங்கள் வட்ட வாதச் சந்தேகத்துக்கு நேரான பதில் இதன் அடுத்த படியில் இருக்கிறது. வானத்தில் நாம் பார்ப்பது கோணத்தையும் பிரகாசத்தையும் மட்டுமே. அதிலிருந்து வாயு நிறையைப் பெறும்போது விடை, நாம் எடுத்துக்கொண்ட தொலைவின் இரண்டரை அடுக்காக மாறும். மொத்த நிறையோ தொலைவுக்கு நேர் விகிதத்தில் மட்டும் மாறும். ஆகவே இரண்டையும் வகுத்த விகிதம் தொலைவின் ஒன்றரை அடுக்காக மாறுகிறது. தொலைவை 10 சதவீதம் தவறாகப் போட்டால் விகிதம் 15 சதவீதம் தவறாக வரும். நீங்கள் சொன்னது போலத் தொலைவுக்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறோம். ஆனால் தவறான மாதிரியை எடுத்தால், பக்கத்துக் கொத்துகளில் ஒரு விகிதமும், தொலைவுக் கொத்துகளில் வேறு விகிதமும் வரும். அந்த மீதி 69-க்கு, விரிவை முடுக்குவதற்கு, வைத்த பெயர்தான் இருள் ஆற்றல். அது இல்லாத பிரபஞ்சத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், தொலைவுகள் குறைவாக வந்து, தூரம் போகப் போகக் கொத்துகளில் வாயு வற்றிக்கொண்டே போவது போலத் தோன்றும். எந்த மாதிரியைப் போட்டால் எல்லாத் தூரத்திலும் விகிதம் ஒன்றாக நிற்கிறதோ அதுதான் ஏற்கத்தக்கது. எடைக்கல் அவர்களுடையதாகவே இருக்கட்டும், ஒரே மூட்டையைப் பத்து இடத்தில் வைத்து நிறுத்துப் பத்து எடை வந்தால் கல்லில் கோளாறு என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? 2008-ல் ஸ்டீவ் ஆலனின் குழு சந்திரா தரவுகளிலிருந்து 42 கொத்துகளை எடுத்து இப்படிச் செய்தது. இருள் ஆற்றல் இருக்கிறது என்ற முடிவு, சூப்பர்நோவாவைத் தொடாமலேயே 99.99 சதவீதத்துக்கும் மேலான நம்பகத்தோடு வந்தது.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகும். விகிதம் காலத்தோடு மாறாது என்பதை நாம் அளக்கவில்லை, எதிர்பார்க்கிறோம். களத்தில் தூற்றும்போது காற்றில் பதர் பறந்து நெல் கீழே நிற்பது போல, கொத்தின் நடுவே இருக்கும் கேலக்ஸியின் கருந்துளை அவ்வப்போது சீறி வாயுவை வெளியே தள்ளுகிறது. சிறு கூட்டங்களில் ஈர்ப்பு போதாது, தள்ளிய வாயு திரும்பி வராது, விகிதம் குறைந்துவிடும். மிகப் பெரிய கொத்துகள் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று கணினி உருவகங்கள் காட்டுகின்றன. அதனால்தான் இந்தச் சோதனைக்குப் பெரிய, அமைதியான கொத்துகளாகப் பொறுக்கி எடுக்கிறோம். உருவகங்கள் கருந்துளையை எவ்வளவு சரியாகக் கையாளுகின்றன என்பதில் துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சில சதவீதத் துல்லியத்துக்குப் போகும்போது இது உண்மையான தடை.

இன்னொரு வகைச் சோதனை எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. கொத்துகள் ஒரே நாளில் உருவானவை இல்லை, சிறியவை சேர்ந்து பெரியவை ஆகிக்கொண்டே இருக்கின்றன. இருள் ஆற்றல் விரிவைத் தள்ளத் தள்ள இந்தச் சேர்க்கை மந்தமாகிறது. ஆகவே 500 கோடி ஆண்டு முன்னால் எத்தனை பெரிய கொத்து இருந்தது, இன்று எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் வளர்ச்சியின் வேகம் தெரியும். மிகப் பெரிய கொத்துகள் மிக அபூர்வம் என்பதால் அவற்றின் எண்ணிக்கை மாதிரியின் சின்ன மாற்றத்துக்கும் பெரிதாக ஆடும். 2009-ல் அலெக்ஸி விக்லினின் குழு தொலைவிலிருந்து 37, அருகிலிருந்து 49, ஆக 86 கொத்துகளை மட்டும் வைத்து, இருள் ஆற்றல் இல்லாமல் இந்த எண்ணிக்கை பொருந்தாது என்று காட்டியது. தொலைவை அளக்கும் சோதனையும் வளர்ச்சியை அளக்கும் சோதனையும் ஒரே பக்கம் கை காட்டியதுதான் அதில் முக்கியம்.

ஆனால் எண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் நிறுக்க வேண்டும், இந்தத் துறையின் வலியெல்லாம் அங்கேதான். கல்லணையில் அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, அட்டவணையைப் பார்த்து, இத்தனை கன அடி போகிறது என்று எழுதுகிறார்கள். பார்த்தது உயரம், எழுதியது ஓட்டம். ஆற்றில் மணல் போனாலும் வண்டல் சேர்ந்தாலும் அதே உயரத்துக்கு வேறு ஓட்டம் இருக்கும். அவ்வப்போது ஓடும் தண்ணீரின் வேகத்தை நேரடியாக அளந்து அட்டவணையைத் திருத்தினால்தான் கடைமடைக்கு எவ்வளவு போகும் என்ற கணக்கு நிற்கும். எங்களுக்கும் பிரகாசமும் வெப்பநிலையும்தான் தெரிகின்றன. நிறை ஒரு அட்டவணை வழியாகத்தான் வருகிறது. போதாததற்கு, பிரகாசம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. நடுப்பகுதி குளிர்ந்து அடர்ந்த கொத்துகள் தங்கள் எடைக்கு மீறி ஒளிரும், கணக்கெடுப்பில் அவையே முந்திக்கொண்டு வரும். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு வயலையும் அதில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டையும் சீரற்ற எண்ணைப் போட்டுத் தேர்வது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். சாலையோரத்துச் செழிப்பான வயலாகப் பார்த்து வெட்டினால் மாவட்டத்தின் விளைச்சல் தப்பாகிவிடும். வானத்தில் அப்படிச் சீட்டுப் போட முடியாது. எது கண்ணில் படும், எது படாது என்பதையே கணக்கில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

அமைதியான கொத்தில்கூட எடை குறைவாகத் தெரிய ஒரு காரணம் இருக்கிறது. வாயுவின் வெப்ப அழுத்தம் மட்டுமே ஈர்ப்பைத் தாங்குகிறது என்று வைத்துத்தான் நிறையைக் கணக்கிடுகிறோம். வாயு உள்ளுக்குள் கொந்தளித்துக்கொண்டிருந்தால் அந்தக் கொந்தளிப்பும் கொஞ்சம் தாங்கும். நாம் அதை விட்டுவிட்டால் நிறை 10 முதல் 30 சதவீதம் வரை குறைவாக வரலாம். 2016-ல் ஜப்பானின் ஹிட்டோமி, பெர்சியஸின் நடுப்பகுதியில் கொந்தளிப்பின் வேகம் நொடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர் என்று அளந்தது. அங்கே கொந்தளிப்பின் பங்கு வெப்ப அழுத்தத்தில் சில சதவீதம்தான், எதிர்பார்த்ததைவிட அமைதி. ஏவிய ஆறே வாரத்துக்குள் அந்தச் செயற்கைக்கோள் உடைந்துபோனது, எங்களுக்கெல்லாம் பெரிய துக்கம். 2023 செப்டம்பரில் ஏவிய எக்ஸ்ரிசம் அந்த வேலையைத் தொடர்கிறது. ஆனால் நிறைக் கணக்குக்கு முக்கியமான வெளிப்பகுதி மங்கலானது, அங்கே அளப்பது இன்னும் கடினம்.

கருவிகளும் ஒத்துப்போவதில்லை. என் ஆய்வின் மூன்றாவது வருடத்தில் ஒரே கொத்துக்குச் சந்திராவிலிருந்து ஒரு வெப்பநிலையும் ஐரோப்பியர்களின் எக்ஸ்எம்எம் நியூட்டனிலிருந்து வேறு வெப்பநிலையும் வந்தது. வித்தியாசம் 10 சதவீதத்துக்கும் மேல். என் நிரலில்தான் பிழை என்று நான்கு மாதம் தேடினேன். பிழை என்னுடையது இல்லை. சூடான கொத்துகளில் சந்திரா கூடுதலாகக் காட்டுவது பலரும் கண்டு பதிவு செய்த விஷயம். எது சரியான எடைக்கல் என்று எக்ஸ் கதிரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இப்போது நிறையை ஈர்ப்பு வில்லை வழியாகவும் அளக்கிறார்கள். கொத்தின் பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் உருவம் கொத்தின் ஈர்ப்பால் எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பது அது. அதற்கு வாயு சூடா குளிரா, கொந்தளிக்கிறதா என்பதெல்லாம் தேவையில்லை. ஆற்றில் இறங்கி அளப்பதற்குச் சமம். இரண்டையும் ஒப்பிடும்போது இறுதி விடையை ஆய்வாளர்களிடமிருந்தே மறைத்துவைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. வேண்டிய விடை வரும்வரை திருத்திக்கொண்டே போகாமலிருக்க அது உதவுகிறது. உங்கள் சந்தேகத்தைத் துறையே தன் மேல் எழுப்பிக்கொண்டு செய்த ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம்.

எடை தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய எடுத்துக்காட்டு உண்டு. 2013-ல், பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சை அளக்கும் பிளாங்க் செயற்கைக்கோள் கொத்துகளை எண்ணியபோது, அதே செயற்கைக்கோள் பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து கணித்ததைவிடக் குறைவாக இருந்தன. இரண்டும் பொருந்த வேண்டுமென்றால் எக்ஸ் கதிர் வழி நிறைகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டவையாக இருக்க வேண்டும், அது மிக அதிகம். புதிய இயற்பியல் தேவையோ என்று பலர் எழுதினார்கள். பிறகு 2019-ல் ஏவிய ஈரோசிட்டா தொலைநோக்கி வந்தது. 2024-ல் வெளியான அதன் முதல் பட்டியலில் 12,247 கொத்துகள், பிரபஞ்சக் கணக்குக்கு எடுத்துக்கொண்டவை 5,259. நிறைகளை ஈர்ப்பு வில்லையால் அளவு திருத்தி எண்ணியதில் மொத்தப் பொருள் 29 சதவீதம் என்று வந்தது, பொருள் எவ்வளவு கட்டிகட்டியாகச் சேர்ந்திருக்கிறது என்ற திரட்சியைக் குறிக்கும் எண்ணும் பின்னணிக் கதிர்வீச்சு சொன்னதை ஒட்டியே வந்தது. பழைய முரண்பாட்டில் பெரும்பங்கு எடைக்கல்லில் இருந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அந்தத் தரவில் நான் வேலை செய்தவன் இல்லை, கட்டுரைகளைப் படித்த அளவில் சொல்கிறேன். இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், ஈர்ப்பு வில்லை ஆய்வுகள் சில திரட்சியைக் குறைவாகவே காட்டியிருக்கின்றன.

எதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால் என் வரிசை இது. வாயு இருக்கிறது, அதன் சூடு இவ்வளவு, கொத்தின் நிறையில் பெரும்பங்கு ஒளிராத ஏதோ ஒன்று என்பவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2006-ல், இரண்டு கொத்துகள் மோதிக்கொண்ட புல்லட் கொத்தில் மோதிய வாயு ஓரிடத்தில் தங்கிப்போக, நிறையின் பெரும்பகுதி வேறிடத்தில் இருப்பதை ஈர்ப்பு வில்லை காட்டியதற்குப் பிறகு, ஈர்ப்பு விதியை மட்டும் திருத்திச் சமாளிப்பது மிகக் கடினம். மொத்தப் பொருள் 30-ஐ ஒட்டியது, 100 இல்லவே இல்லை என்பதும் அசையாது. இருள் ஆற்றல் என்று நாம் பெயர் வைத்திருப்பது ஏதோ ஒன்று விரிவைப் பாதிக்கிறது என்பதும் ஏறக்குறைய அதே உறுதி. அது மாறாத ஒரு எண்ணா, காலத்தோடு மாறுகிறதா என்பதைக் கொத்துகளால் இன்று தீர்க்க முடியாது. மாறாத எண் என்றால் அதன் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் சரியாக -1 ஆக இருக்க வேண்டும். ஈரோசிட்டா தந்தது -1.12, அதில் 0.12 முன்பின். பொருந்துகிறது, ஆனால் நுணுக்கமான வித்தியாசத்தைப் பிடிக்கப் போதாது. கேலக்ஸிகளின் பரவலை அளக்கும் டெசி ஆய்வு 2024-லும் 2025-லும் இது மாறலாம் என்று ஒரு குறிப்பைக் காட்டியிருக்கிறது. கொத்துகளின் எடையில் இன்னும் சில சதவீதத் தவறு மிச்சம் இருக்கும்வரை இந்த வழக்கில் அவற்றை முதல் சாட்சியாகக் கூப்பிட நான் தயங்குவேன்.

கடைசியாக, இதை ஊரிலிருந்தே செய்து பார்க்க முடியுமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். முடியும். சந்திராவின் பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எல்லோருக்கும் திறக்கப்படுகின்றன, அவற்றைப் பகுக்கும் சியாவோ மென்பொருளும் இலவசம், லினக்ஸ் போட்ட மடிக்கணினி போதும். சுமார் 100 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஏபெல் 2029-இல் ஆரம்பியுங்கள். அமைதியானது, பிரகாசமானது, சிக்கல் குறைவு. நடுவிலிருந்து வட்டம் வட்டமாக வரைந்து ஒவ்வொரு வளையத்திலும் எத்தனை ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுந்தது என்று எண்ணி, பரப்பால் வகுத்து ஒரு வரைபடம் போடுங்கள். வாயு எப்படிப் பரவியிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். வெப்பநிலைக்கு உடனே போக வேண்டாம். வெளி வளையங்களில் கொத்தின் ஒளி எது, வானத்தின் பின்னணி எது என்று பிரிப்பதில்தான் எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்கிறோம், நான் அங்கேயே இரண்டு மாதம் நின்றேன். அந்த இடத்துக்கு வந்ததும் உங்கள் வரைபடத்தை இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.